பிடியரிசிப் பெட்டி

மெட்ராஸ் துறைமுகத்தில் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். "வெளிதேச ஊழியத்துக்குப் போகும் நம் வாலிபன்" என்று ஒருவர் ஜெபித்தார். அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் சபைக்கு மட்டும் கடலைத் தாண்டினால் அந்நிய தேசம். அந்நிய தேசம் என்றால் பாடு. பாடு என்றால் சபைப் பத்திரிகையில் இரண்டு பக்கம்.

இப்போது திரும்பி வந்துவிட்டேன். பத்திரிகைக்காரர் வீட்டுக்கே வந்து கேட்கிறார்: "அங்கே கர்த்தருக்காக நீங்க பட்ட பாடுகளை எழுதுங்களேன் பிரதர். உருக்கமா இருக்கட்டும்."

நான் பட்ட பாடா? கப்பலில் வாந்தி எடுத்தேன். அட்டை கடித்தது. என்னுடைய ஒரே நல்ல சட்டையில் மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்தது. என் பாடு அத்தோடு முடிந்தது. உண்மையில் பாடுபட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பட்டதைக் கர்த்தர் பேரில் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒரு பூட்டின் பேரில் எழுதுகிறேன். பத்திரிகையில் போட்டால் போடட்டும்.

நான் இருந்த பாராடாங் தீவுக்கு அப்போது லாஞ்ச் என்கிற மோட்டார் படகுதான் வழி. தீவுகளை நீளவாக்கில் இணைக்க ட்ரங்க் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பாதி சேறாகவும் பாதி கனவாகவும் கிடந்தது. போர்ட் பிளேயரிலிருந்து லாஞ்ச் வந்தால் அரிசி, தபால், மருந்து, பழைய செய்தித்தாள். வராவிட்டால் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் யானைகளை வைத்து மரம் இழுக்கிற கேம்ப். இன்னொரு பக்கம் ரோடு வேலைக்காரர்களின் வரிசைக் குடிசைகள், லேபர் லைன். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோரும் ஓர் உடைந்த ஹிந்தியில் சண்டை போட்டு, அதிலேயே சமாதானமும் ஆவார்கள். அந்த லைனில் எங்கள் தமிழ்ச் சபைக் குடும்பங்களும் கொஞ்சம் இருந்தன. பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். நான் அவர்களுக்கு உபதேசியார், போதகர் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவன். ஓலைக் கொட்டகைக் கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தேன். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போட்டார்கள்.

எங்கள் ஐயர் போர்ட் பிளேயரில் இருந்தார். நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாதம் ஒரு தடவை லாஞ்சில் வந்து ராப்போஜனம் என்கிற திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த வழக்கம்தான் பிடியரிசி. பெண்கள் உலையில் போட அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோவிலுக்குக் கொண்டுவந்து பெட்டியில் கொட்ட வேண்டும். எங்கள் ஊரில் என் அம்மாவும் செய்வாள். சொந்த வயல் நெல்லில் ஒரு பிடி எடுத்து வைப்பதில் பெருமை உண்டு. இங்கே அரிசி ரேஷன் அரிசி. கப்பலில் வந்து, லாஞ்சில் வந்து, பாய் கடையில் வரிசையில் நின்று வாங்குகிற அரிசி. அதிலும் ஒரு பிடி.

பெட்டி படாக் மரத்தில் இழைத்துச் செய்தது. கோவில் கொட்டகையைவிட உறுதியானது. அதில் ஒரு பூட்டு. சாவி ஐயரின் இடுப்பில்.

வழக்கமாக மாதாமாதம் அரிசியை விற்றுக் கோவில் கட்டுகிற நிதியில் சேர்ப்பார். அந்த வருஷம் ஈஸ்டர் முதல் பெட்டியைத் திறக்கவில்லை. பம்பாயிலிருந்து பணம் கொடுக்கிற மிஷன் கமிட்டி வரப்போகிறது, புதுக் கோவிலுக்கு அஸ்திவாரக் கல் போடப்போகிறார்கள், அன்றைக்கு ஜனங்கள் பிடித்துவைத்த இந்த அரிசியிலேயே அசனம் பொங்கி எல்லோருக்கும் இலை போட வேண்டும் என்பது அவர் திட்டம். "லேபர் லைன் ஜனங்களின் காணிக்கை எப்படிப்பட்டதென்று அவர்கள் கண்ணால் பார்க்கணும்" என்றார். படம் எடுக்க ஆளும் வருவதாகச் சொன்னார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. பெட்டி நிறைந்துகொண்டு வந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அந்தத் தீவின் மழையைச் சொன்னால் இங்கே நம்பமாட்டார்கள். விடாமல் பெய்யும். மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. போர்ட் பிளேயரிலேயே அரிசிக்கு அடிதடி என்று கேள்விப்பட்டோம். லாஞ்ச் நின்றது. ரேஷன் கடை பாய், ராமநாதபுரத்துக்காரர், காலி சாக்குகளை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், ஒண்ணுமே இல்லையா?"

"குச் நஹீ. எலிகூடக் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு தம்பி. உங்க கோவிலுக்குத்தான் குடிபோயிருக்கும். அங்கதானே அரிசி இருக்கு?"

"அது காணிக்கை பாய்."

"நான் என்ன கேட்டேனா? என் அல்லாவுக்கு அரிசி தேவையில்ல. உங்க சாமிக்குப் பசி ஜாஸ்தி போல."

நான் முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் பிஸ்கட்டை என் கையில் திணித்தார். "அந்தக் கல்லுடைக்கிற பொம்பளைட்ட குடுங்க. புருஷன் மாத்திரையை வாந்தி எடுக்கிறானாமே."

அந்தக் கல்லுடைக்கிற பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ரோட்டுக்கு ஜல்லி உடைப்பாள். கணவருக்கு மலேரியா. லைன் முழுக்கக் காய்ச்சல்காரர்கள் இருந்தாலும் அவருக்கு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. மருந்து இல்லாமல் இல்லை. கேம்ப் கம்பவுண்டர் வங்காளி, நல்ல மனிதர். மாத்திரை கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "காலி பேட் மே நஹீ." வெறும் வயிற்றில் கொடுக்காதே. முதலில் கஞ்சி, பிறகு மாத்திரை. கஞ்சி இல்லாவிட்டால் மாத்திரை நிற்காது.

நிற்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு கொடுத்துப் பார்த்தாள், குமட்டிக்கொண்டு வந்தது. பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தாள், அதுவும் வந்தது. அரிசிக் கஞ்சியின் தெளிவு ஒன்றுதான் அவர் உடம்பில் தங்கியது. மாத்திரையும் அதோடு தங்கியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கேயோ கடன் கேட்டுக் கொண்டுவந்த ஒரு சிறங்கை அரிசியில் கஞ்சி வைத்த அன்று அவர் எழுந்து உட்கார்ந்து, "உபதேசியாரே, இன்னைக்கு உம்ம சாப்பாடு முறை எங்க வீட்டுலயா? தப்பிச்சு ஓடிரும்" என்று என்னைக் கேலி செய்தார்.

அடுத்த கஞ்சியின்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வங்காளிப் பெண் முந்தானையில் முடிந்து கொஞ்சம் அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வேளைக்குத்தான் காணும். அக்கா அதைச் சுளகில் கொட்டினாள், கல் பொறுக்கினாள், பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள்.

"என்னக்கா செய்யுதீங்க!"

அவள் கையைப் பார்த்தாள். கலயத்தைப் பார்த்தாள். "கை பழகிப்போச்சு. சொல்லாமலே எடுக்கு."

"திருப்பிப் போடுங்க உலையில."

"போட்டது போட்டதுதான்."

"அந்த மனுஷன் சாகக் கிடக்கார்!"

"சத்தம் போடாதீரும், அவுகளுக்குக் கேக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன மாசம் ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினாரு? கர்த்தருக்குக் கொடுக்கையில கை சுருங்குன வீட்டுலதான் நோவு நுழையும்னாரு. நீரும் பக்கத்துல நின்னு ஆமென் சொன்னீரு. நான் இப்ப எடுக்கலைன்னு வையும். அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் மேல வரும்?"

கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம். நோவு கொசுவால் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான்; அந்தப் பிரசங்கத்தன்று அதை எழுந்து சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. சரி, அது கிடக்கட்டும். சாவி எங்கே? போர்ட் பிளேயரில்.

போலீஸ் அவுட்போஸ்டில் வயர்லெஸ் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே ஓடினேன். அங்கிருந்த கான்ஸ்டபிளிடம் கெஞ்சி, ஐயருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். அரிசி இல்லை, நோயாளிகள் இருக்கிறார்கள், பெட்டியைத் திறக்க அனுமதி வேண்டும். மறுநாள் பதில் வந்தது. கான்ஸ்டபிள் அதை வாசித்துக் காட்டும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. 'காணிக்கை கர்த்தருடையது. அசனம் வரை பொறுத்திருங்கள். ஜெபிக்கிறேன்.'

அசனம் வரை! அசனத்தன்று அதே அரிசியை அதே ஜனங்களுக்குத்தானே இலையில் போடப்போகிறார்? ஆக, இவர்கள் அந்த அரிசியைச் சாப்பிடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பம்பாய்க்காரர்கள் பார்க்கும்போது சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பசிக்குக் கேமரா வர வேண்டியிருந்தது.

ரோடு வேலைக்காரர்களின் கொட்டகையிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கோவிலுக்குப் போனேன். நான் போகிற வேகத்தைப் பார்த்தே லைன் ஆட்கள் பின்னால் வந்துவிட்டார்கள். பெட்டி முன்னால் நின்றேன். உரக்கச் சொன்னேன். வேதத்தில் பசித்த ஒரு ராஜா ஆலயத்துக்குள் போய், ஆசாரியர் மட்டுமே தின்னக்கூடிய அப்பத்தை எடுத்துத் தின்றதை எல்லோரும் கேட்டிருக்கிறீர்களே, கர்த்தர் அவனை என்ன செய்துவிட்டார் என்று கேட்டேன்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர், "உடைச்சா உடையும். ஆனா ஐயர் ஞானஸ்நானம், கல்யாணம்னு ஒண்ணுத்துக்கும் வரமாட்டாரு" என்று முணுமுணுத்தார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எனக்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குங்கக்கா."

"மாட்டேன்."

"உங்க புருஷனுக்காகத்தான் உடைக்கிறேன்!"

"அவரு ராஜா. எடுத்துத் தின்னா கேக்க ஆள் கிடையாது. நான் கல்லு உடைக்கிறவ" என்றாள். "நீரு உடைச்சிட்டுக் கப்பல் ஏறிப் போயிருவீரு. நாளைக்கு அவுகளுக்கு என்னமும் ஆச்சுன்னா, சாமி அரிசியத் தின்னதாலதான்னு இந்த லைன்ல பேசுவாக. என் காலம் பூரா பேசுவாக. நான் இங்கனதான கிடக்கணும்? எனக்குன்னு மெயின்லேண்டுல யாரு இருக்கா?"

கடப்பாரையை வெளியே வீசினேன். சேற்றில் குத்தி நின்றது. ஐயர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் அந்த நிமிஷம் வந்த கோபம் பெரிது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். விசுவாசம் என்று நாங்கள் விதைத்தது இப்படித்தான் முளைத்திருந்தது. பூட்டின்மேல் மனுஷியே ஏறி உட்கார்ந்து காவல் காத்தாள்.

அவள் கணவர் அதற்குப் பிறகு ஒரு பகல் வேளையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே இறந்தார். மாத்திரை தலைமாட்டில் இருந்தது. கஞ்சி இருந்திருந்தால் நிச்சயமாகப் பிழைத்திருப்பாரா? கம்பவுண்டரிடம் கேட்டேன். அவர் கையை விரித்தார். தெரியாதாம். எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது ஒரு மரப்பெட்டிக்குள், அவர் படுத்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அடக்கம் பண்ணிய இடத்தில் சடங்கு வசனங்களை நான்தான் வாசித்தேன். வாய் வாசித்தது. நான் அங்கே இல்லை.

மழை விட்டது. லாஞ்ச் வந்தது. அரிசி மூட்டைகளோடு ஐயரும் இறங்கினார். போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் வாங்கிய ஜிகினாத் தோரணங்களும் கொண்டுவந்திருந்தார். கமிட்டி மறுநாள் வருகிறது. என்னைப் பார்த்ததும், "சகோதரன் தேவனுடைய சித்தத்தில் நித்திரையடைந்தார், தைரியமாய் இரு" என்று தோளில் தட்டினார். தட்டிய கையாலேயே இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

மேலாக வண்டு மொய்த்தது. கையை விட்டுக் கிளறினார். அடியில் பாதிக்குமேல் பச்சைப் பூஞ்சை பிடித்துப் பாறையாக இறுகியிருந்தது. அந்தக் காற்றின் ஈரத்தில் இரும்பே இற்றுப்போகும், அரிசி என்ன செய்யும்? மண்வெட்டியால் சுரண்டினோம். யானை கேம்ப்புக்குக் கொண்டுபோனால், யானைக்கும் போடக்கூடாது என்று பாகன் திருப்பி அனுப்பினான். கடைசியில் கழிமுகத்தில் கொட்டினோம். ஐயர் அவசரப்படுத்தினார். "சீக்கிரம், சீக்கிரம், நாளைக்கு இந்த வாடை இருக்கக்கூடாது."

அசனத்தை ரேஷன் அரிசியில் பொங்கினார்கள். பெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு புது மூட்டையைப் பிரித்து நிற்கவைத்திருந்தார். படம் எடுத்தார்கள்.

இலை போடுவதற்கு முன்னால் சாட்சி நேரம். எங்கள் கூட்டங்களில் அதை விடமுடியாது. கர்த்தர் செய்த நன்மையை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். பம்பாய்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்ல என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார் ஐயர். அவர் கண் கூட்டத்தைத் துழாவி அக்காவின் மேல் நின்றது. "இந்த மகள் சமீபத்தில் தன் புருஷனை இழந்தாள். பஞ்ச காலத்திலும் ஒரு ஞாயிறுகூடப் பிடியரிசியை நிறுத்தவில்லை. எழுந்திரும்மா. உன் சாட்சியைச் சொல்லு."

அவள் எழுந்தாள். ஜல்லி உடைத்துக் காய்ந்த கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள்.

"அரிசி இருந்துச்சு" என்றாள். "பெட்டி பூட்டி இருந்துச்சு. அவுக செத்துப்போனாக."

உட்கார்ந்துவிட்டாள்.

ஐயர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: துக்கத்திலும் தேவனைத் துதிக்கிறாள் என்று சொல். நான் அவள் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கமிட்டியிலிருந்த ஒருவர் எந்தப் பெட்டி என்று கேட்டார். நான் வெள்ளைத் துணியைக் காட்டினேன்.

பம்பாய்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் சிரித்துக்கொண்டே பாட்டு ஒன்றைத் தொடங்கினார். ஜனங்கள் சேர்ந்து பாடவில்லை. அவர் தனியாக முதல் சரணத்தை முடித்தார். பிறகு இலை போட்டார்கள். சோறு நன்றாக வெந்திருந்தது. அஸ்திவாரக் கல் போட்டார்கள், கோவில் கட்டுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்னை அடுத்த கப்பலில் திரும்பிவரச் சொல்லிவிட்டார்கள். 'ஓய்வு தேவைப்படுகிறது' என்று காரணம். லாஞ்ச் ஏறுவதற்கு முன்னால் லைனுக்குப் போனேன், சொல்லிக்கொண்டு வர. அக்காவின் வீட்டு வாசல் கம்பத்தில் ஒரு பால்பவுடர் டப்பா தொங்கியது. மூடி இல்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஒரு பிடி அரிசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ராஞ்சிக்காரப் பெண், காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் இரண்டு பிடி எடுத்துக்கொண்டு போனாள்.

"ஐயருக்குத் தெரியுமா?"

"கேட்டாரு. கோவில் கலயம் எங்கன்னாரு. உடைஞ்சுபோச்சுன்னேன்" என்றாள். "கைப் பழக்கத்த விடமுடியல. என்ன செய்ய?"

"நல்லது செஞ்சீங்கக்கா."

"நல்லது என்ன நல்லது. முன்னாலயே செஞ்சிருக்கணும்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. என்னைத் திட்டினாள். "வீட்டுக்கு ஒரு நாள்னு முறை போட்டுத் தின்னீரே, ஒரு பிடி போட்டதுண்டா? போட்டுட்டுப் போம்."

கப்பலுக்கென்று பாய் கொடுத்த அரிசிப் பொட்டலம் என் பையில் இருந்தது. பிரித்து முழுவதையும் டப்பாவில் கொட்டினேன். வழிந்து வாசலில் சிதறியது.

"ஏ, ஒரு பிடின்னுதான சொன்னேன்! கோவக்காரக் கையி, அளவு தெரியல பாரும்" என்று சொல்லி, குனிந்து மண்ணிலிருந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கினாள். நானும் குனிந்தேன். லாஞ்ச் ஊதியது. பொறுக்கி முடிக்கிறவரை நான் எழுந்திருக்கவில்லை.